கார்புரேட்டரைக் கழற்றும் முன்

ஓசூர்ப் பக்கம் சிறு விமானங்களின் பிஸ்டன் எஞ்சின்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் மீது வரும் புகார்களில் கணிசமானவற்றுக்குக் காரணம் கார்புரேட்டருக்கு வெளியே இருக்கிறது. ஆனாலும் எஞ்சின் சற்றே உதறினால், பைக் மெக்கானிக் வேலையில் பழகி வந்த பையன்களின் கை முதலில் போவது அதன் மேல்தான். கழற்றி, பெட்ரோல் வரும் நுண்துளைகளான ஜெட்டுகளை ஊதி மாட்டியதும் கோளாறு தற்செயலாக மறைந்துவிட்டால், காரணம் தெரியாமலே விமானம் மறுபடியும் மேலேறிவிடும் என்பதுதான் என் கவலை.

ஐடிலில், அதாவது எஞ்சின் மிகக் குறைந்த வேகத்தில் ஓடும்போது மட்டும் உதறி, உள்ளே போகும் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் திறந்ததும் சரியாகிவிட்டால் சிலிண்டருக்குக் கலவை போகும் இன்டேக் குழாயின் கேஸ்கெட்டில் காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். த்ராட்டில் மூடியிருக்கும்போதுதான் உள்ளே உறிஞ்சல் அதிகம். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இரண்டு மேக்னெட்டோக்களில் ஒன்றில் மட்டும் ஓட்டும்போது உதறினால் ஸ்பார்க் பிளக்குகளைப் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைக்கும்போது பெட்ரோலின் அளவைக் குறைக்கும் மிக்ஸ்சர் பிடியை மெதுவாக இழுத்தால், நிற்கும் முன் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) சிறிது ஏறும். 50-க்கு மேல் ஏறினால் ஐடிலில் பெட்ரோல் அதிகம், ஏறாமலே நின்றால் குறைவு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் காற்று மெலிந்தது என்பதால், சென்னையில் சரிபார்த்த எஞ்சின்கூட இங்கே பெட்ரோல் அதிகமாக இருப்பதாகக் காட்டக்கூடும்.

இவற்றையெல்லாம்விட ஏமாற்றக்கூடியது பனிக்கட்டி. மண்பானையில் கசியும் நீர் ஆவியாகித் தண்ணீரைக் குளிர்விப்பது போல, கார்புரேட்டரின் குறுகிய கழுத்தான வெஞ்சுரியில் பெட்ரோல் ஆவியாகும்போது அங்கே வெப்பநிலை 20 டிகிரிக்கு மேலும் இறங்கிவிடும். வெளியே 20 டிகிரி செல்சியஸ் இருந்தாலும், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் த்ராட்டில் தகட்டில் பனி பிடிக்கும். தரையிறங்கியதும் எஞ்சின் சூட்டில் அது உருகிவிடுவதால் தடயமே இருக்காது. தருமபுரியின் வெயிலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை நம்பவைப்பது எளிதன்று.

ஐப்பசி மாதத்துக் காலை ஒன்றில், த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது எஞ்சின் தடுமாறியதாக ஒரு பயிற்சி விமானி சொன்னார். தரையில் ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. அதற்குள் உடன் இருந்த தம்பி ஸ்பேனரை எடுத்துவிட்டார். "கார்புரேட்டர் ஹீட்டை இழுத்தீர்களா?" என்று விமானியிடம் கேட்டேன். அந்தப் பிடியை இழுத்தால், எஞ்சின் சூட்டில் சூடான காற்று கார்புரேட்டருக்குள் போய்ப் பனியை உருக்கும். "இழுத்தேன் சார், ஒன்றுமே ஆகவில்லை" என்றார்.

அந்தப் பதிலில்தான் துப்பு இருந்தது. சூடான காற்று மெலிந்தது. ஆகவே ஹீட்டை இழுத்ததும் ஆர்பிஎம் முதலில் குறைய வேண்டும், பனி உருகிய நீர் உள்ளே போகும்போது எஞ்சின் சற்று நேரம் இன்னும் மோசமாக உதற வேண்டும், பிறகு ஆர்பிஎம் ஏற வேண்டும். எதுவுமே நடக்கவில்லை என்றால் சூடான காற்று போதிய அளவு போய்ச் சேரவில்லை என்று பொருள். மறுபடியும் ஓட்டி ஹீட்டை இழுத்தோம். முள் அசைந்தும் அசையாமலும் நின்றது. எஞ்சினை நிறுத்தி, எஞ்சினை மூடியிருக்கும் கவுலிங்கைத் திறந்து, தம்பியை உள்ளிருந்து பிடியை முழுவதும் இழுக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். காற்றைத் திருப்பும் தகடு பாதி வழியிலேயே நின்றது. கேபிளின் வெளியுறையைப் பிடித்திருந்த கிளாம்ப் தளர்ந்ததால், கம்பியோடு சேர்ந்து உறையும் நகர்ந்துகொண்டிருந்தது.

புது கிளாம்ப் போட்டு, தகடு இரு முனைகளிலும் முழுமையாகப் பொருந்துவதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்தபின் எஞ்சினை ஓட்டினோம். ஆர்பிஎம் 100 அளவுக்கு இறங்கி, பிடியைத் தள்ளியதும் பழைய இடத்துக்கு வந்தது. கார்புரேட்டரை நாங்கள் தொடவே இல்லை. புறப்படும் முன் செய்யும் சோதனையில் எல்லோரும் ஹீட்டை இழுத்துப் பார்க்கத்தான் செய்தார்கள். எவ்வளவு இறங்கியது என்பதை யாரும் குறித்து வைக்காததால், அது குறைந்துகொண்டே வந்தது கண்ணில் படவில்லை. அந்த எண்ணை ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டேன். புகார் எழுதும் தாளிலும் வெளி வெப்பநிலை, த்ராட்டில் இருந்த நிலை, ஹீட்டை இழுத்தபோது ஆர்பிஎம் என்ன ஆனது என்ற மூன்றுக்கும் இடம் ஒதுக்கினோம்.