ஜாஸ் கலைஞர்களின் பேச்சும் எங்கள் ஊர்த் தவில்காரரின் மூன்று ஆசைகளும்

சார்ல்ஸ் ‘பாடி’ போல்டன் என்ற கோர்னெற் (ட்ரம்பெற் போன்ற ஊதுகருவி) வாசிப்பாளரின் ஒரு சுரத்தைக்கூட இன்று உயிரோடிருக்கும் எவரும் கேட்டதில்லை. 1877இல் பிறந்து, நியூ ஓர்லியன்ஸ் நகரத்து நடன மண்டபங்களில் பெயரெடுத்து, 1907இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1931இல் அங்கேயே இறந்துபோன அவருடைய வாசிப்பு எந்த இசைத்தட்டிலும் இல்லை. மெழுகு உருளை ஒன்றில் அவர் வாசிப்பைப் பதிந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அந்த உருளை யார் கையிலும் அகப்படவில்லை. தம் குழுவினரோடு அவர் நிற்கும் ஒரேயொரு புகைப்படந்தான் மிச்சம். அப்படியிருந்தும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ஜாஸின் வரலாற்றை எழுத அமர்பவர்களில் பெரும்பாலோர் அவரிடமிருந்தே தொடங்குகிறார்கள். அவர் வாசிப்பைக் கேட்டவர்கள் பிற்காலத்தில் பேசினார்கள், அந்தப் பேச்சைப் பொறுமையாக எழுதிக்கொள்ளவும் ஆட்கள் இருந்தார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை.

இலங்கையின் வன்னியில் இருந்துகொண்டு ஜாஸ் பற்றி எழுதுவதற்கு எனக்கிருக்கும் நியாயமும் இதுவே. 2008இலும் 2009இலும் இறுதிப் போரின்போது கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று சனங்கள் இடம்பெயர இடம்பெயர, ஒவ்வொரு இடத்திலும் சுமையில் ஒரு பகுதி கைவிடப்பட்டது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியது துவிச்சக்கர வண்டிக்கு இறங்கியது. பிறகு கைப்பைக்கு இறங்கியது. அரிசியையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் சுமந்தவர்கள் கோயில் திருவிழாவில் பதிந்த கசெற்றைச் சுமந்திருக்க வேண்டும் என்று எவரும் சொல்ல முடியாது. அளவெட்டித் தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தபோதும் அவருடைய தவில் ஒலிநாடாக்களில் தங்கிவிட்டது. ஆனால், எங்கள் பக்கத்துப் பிள்ளையார் கோயிலிலும் அம்மன் கோயிலிலும் விடிய விடிய வாசித்தவர்களின் ஒலி போன வழி தெரியாமல் போய்விட்டது. அதைக் கேட்டவர்கள் மட்டும் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது.

போல்டனைப் பற்றிப் பேசியவர்களில் முக்கியமானவர் பங்க் ஜோன்சன் என்ற ட்ரம்பெற் கலைஞர். 1930களின் இறுதியில் ஜாஸ் ஆய்வாளர் பில் ரசலும் அவருடைய நண்பர்களும் பழைய கலைஞர்களைத் தேடி எழுதிய கடிதங்களில் ஒன்று, லூசியானாவின் நியூ ஐபீரியா என்ற ஊரில் வயல் வேலையும் லொறி ஓட்டமுமாக இருந்த அவரிடம் போய்ச் சேர்ந்தது. வாத்தியத்தை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன, முன்பற்களும் இல்லை. பல் இல்லாதவரால் ட்ரம்பெற் ஊத முடியாது. தேடி வந்தவர்கள் பணம் சேர்த்து அவருக்குப் பல் கட்டுவித்தார்கள், வாத்தியமும் வாங்கிக் கொடுத்தார்கள். பல்லைக் கட்டியவர் லெனார்ட் பெஷே என்ற பல் வைத்தியர். புகழ்பெற்ற கிளாரினெற் கலைஞர் சிட்னி பெஷேயின் அண்ணன். நேர்காணல் எடுக்கப் போகிறவர் கேள்வித்தாளோடு மட்டும் போனால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பங்க் ஜோன்சன் சொன்னவை எல்லாம் உண்மையும் அல்ல. போல்டனோடு சேர்ந்து வாசித்த தலைமுறையைச் சேர்ந்தவராகத் தம்மைக் காட்டுவதற்காக வயதைக் கூட்டிச் சொன்னார் என்பதுதான் பின்வந்த ஆய்வாளர்கள் பலருடைய கருத்து. இதற்காக அவரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒருவர் கூட்டிச் சொன்னதை இன்னொருவர் குறைத்துச் சொல்வார்; நாலு பேரைக் கேட்டால் நடந்தது ஓரளவு பிடிபடும். நியூ ஓர்லியன்ஸின் டியுலேன் பல்கலைக்கழகத்தில் 1958இல் தொடங்கிய ஜாஸ் ஆவணக்காப்பகம் அந்த வேலையைத்தான் செய்தது. புகழ் பெற்றவரை மட்டும் தேடாமல், ஊர்வலங்களில் பின்வரிசையில் ஊதிவிட்டுப் பகலில் வேறு கைத்தொழில் செய்தவர்களிடமும் ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுபோனார்கள். எங்கள் பக்கத்திலும் வாசிப்பை மட்டும் நம்பிச் சீவித்தவர்கள் குறைவு. தோட்டம் செய்தவர், மேசன் வேலைக்குப் போனவர், சந்தையில் வெற்றிலை விற்றவர் என்று விசாரித்தால் பட்டியல் நீளும்.

எப்படிக் கேட்பது என்பது அடுத்த விடயம். 1938இல் அலன் லோமக்ஸ் என்ற நாட்டாரியலாளர் ஜெலி ரோல் மோர்ட்டன் என்ற ஜாஸ் பியானோ கலைஞரை வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு அழைத்துவந்து பியானோவுக்கு முன்னால் இருத்தினார். மோர்ட்டன் பேசும்போதும் அவருடைய விரல்கள் சும்மா இருக்கவில்லை. பழைய நியூ ஓர்லியன்ஸ் நகரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே அடியில் மெதுவாகச் சுரங்களை ஓடவிட்டார். ஒரு பாட்டு முன்பு எப்படி இருந்தது, தாம் அதை எப்படி மாற்றினார் என்பதை வாயால் விளக்குவதற்குப் பதிலாக வாசித்தே காட்டினார். மூன்று ஆண்டுகளில் அவர் இறந்துவிட்டார். பிறகு, 1960களின் இறுதியில், ஆர்ட் டெய்லர் என்ற டிரம்ஸ் கலைஞர் தம்மோடு வாசித்தவர்களையே ஒவ்வொருவராகப் பேசவைத்துப் பதிந்து, 1977இல் புத்தகமாகப் போட்டார். கேட்டவர் அதே தொழில்காரர் என்பதால் வெள்ளைக்காரப் பத்திரிகையாளர்களிடம் சொல்லாதவற்றை, பணம், நிறவெறி, மேடைக் களைப்பு எல்லாவற்றையும், அவர்கள் ஒளிக்காமல் பேசினார்கள்.

இதை எங்கள் வழக்கத்தோடு ஒப்பிட்டால் எனக்குக் கோபம் வருகிறது. இங்கே ஒரு கலைஞரைப் பற்றி எழுதுவதென்றால் விழா மலர் ஒன்று வேண்டும். பிறந்த ஊர், குருவின் பெயர், பெற்ற பட்டங்கள், போர்த்திய பொன்னாடைகள், வாழ்த்துரை என்று பக்கம் நிரம்பும். அந்த மனிதர் தாளத்தை எந்த விரலில் எண்ணினார், தவிலின் வலப்பக்கமான வலந்தலைத் தோல் மழைக்காலத்தில் இறங்கினால் என்ன செய்தார் என்பதில் ஒரு வரியும் இராது. பறை வாசிப்பவருக்கோ அந்த மலரிலும் இடமில்லை. வன்னியின் பொங்கல் வழிபாட்டிலும் சாவீட்டிலும் அவர் இல்லாமல் காரியம் நடக்காது. ஆனாலும் கலைஞர் என்று அவரை மேடைக்கு அழைக்க எங்கள் சாதி மனம் இன்னும் தயங்குகிறது.

வன்னியில் ஜாஸ் கேட்ட ஒருவரையாவது சந்திக்க முடியுமா என்று விசாரித்தபோது, முன்னர் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு முதியவரைக் காட்டினார்கள். சிற்றலை வானொலியில் வொய்ஸ் ஒஃப் அமெரிக்காவின் ஜாஸ் நிகழ்ச்சியை இரவில் கேட்டவர் அவர். வில்லிஸ் கொனோவர் என்ற அறிவிப்பாளர் 1955இல் தொடங்கி 1996இல் இறக்கும்வரை நடத்திய நிகழ்ச்சி அது. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவருக்கும் விளங்கவேண்டும் என்பதற்காக அவர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொல்வார். ஜாஸ் மேதைகளான ஆம்ஸ்ட்ரோங்கையும் எலிங்டனையும் அழைத்துப் பேசவும் வைத்தார். அந்த ஒலிபரப்பு வெளிநாடுகளுக்கு உரியது என்பதால் போலந்திலும் சோவியத் ஒன்றியத்திலும் வீட்டுக்கு வீடு தெரிந்திருந்த அவருடைய குரல், அவர் பிறந்த நாட்டில் அதிகம் பேருக்குத் தெரியாது. பரந்தன் ஐயா அந்தக் குரலை இன்றும் அப்படியே செய்து காட்டுகிறார். கண்ணை மூடிக்கொண்டால் சிற்றலையின் இரைச்சல்கூடக் கேட்கும் போலிருக்கிறது.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பற்றரி வரத்து நின்றுவிட்டது. அப்போது வானொலியைத் துவிச்சக்கர வண்டியின் டைனமோவில் இணைத்தே கேட்டோம் என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரிந்த கதை. செய்திக்காக யாரும் மிதிப்பார்கள். செய்தி முடிந்த பிறகு, ஒரு கறுப்பின மனிதர் சாக்ஸஃபோன் ஊதுவதைத் தம் மாமா கேட்பதற்காக வண்டியைக் கவிழ்த்து வைத்துக் கையால் மிதிகட்டையைச் சுற்றிக்கொண்டிருந்த மருமகன் ஒருவர் இருந்தார். அவர் கை தளரும்போது இசை தேயும், மாமா “டேய்” என்பார், இசை திரும்பும். அந்த மருமகனும் இப்போது பேரப்பிள்ளை கண்டவர். அவரையும் பேசவைத்தேன். “எனக்கு அந்தச் சத்தம் துண்டாப் பிடிக்காது. ஆனா விட்டால் மாமா முழு இரவும் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருப்பார்” என்றார். நேயர்களைப் பற்றிய எந்தக் கணக்கிலும் இவர் வரமாட்டார். ஆனால், அந்த வீட்டில் ஜாஸ் ஒலித்தது இவருடைய கையால்தான்.

ஜாஸ் ஒலிக்க இடமும் பணமும் கொடுத்தவர்களையும் சொல்ல வேண்டும். நியூயோர்க்கில் வில்லேஜ் வான்காட் என்ற நிலக்கீழ் ஜாஸ் அரங்கை மக்ஸ் கோர்டன் 1935இல் தொடங்கினார். 1989இல் அவர் இறந்தபிறகு மனைவி லொரெய்ன், 2018இல் தாம் இறக்கும்வரை, அதை நடத்தினார். நூற்றிச்சொச்சம் பேர் மட்டும் இருக்கக்கூடிய அந்த இடத்தில்தான் ஜாஸ் கலைஞர்கள் சொனி ரோலின்ஸ் 1957இலும் பில் எவன்ஸும் கொல்ட்ரேனும் 1961இலும் பதிந்த இசைத்தட்டுகள் பிறந்தன. இவர்களுக்கும் முந்திய ஒரு கூட்டம் நியூ ஓர்லியன்ஸில் இருந்தது. கறுப்பின மக்கள் மாதாமாதம் சந்தா கட்டி நடத்திய உதவிச் சங்கங்கள், உறுப்பினர் இறந்தால் அடக்கச் செலவோடு பாண்ட் வாத்தியச் செலவையும் ஏற்றன. கல்லறைக்குப் போகும்போது மெல்லிய துதிப்பாட்டு. உடலை ஒப்படைத்துத் திரும்பும்போது துள்ளல் இசை. எங்கள் ஊர்களில் உள்ள மரணாதாரச் சங்கம் கதிரை, கொட்டகை, பெட்டி எல்லாம் தருகிறது. மேளத்துக்கோ பறைக்கோ அதன் யாப்பில் இடமுண்டா என்று எங்கள் சங்கத்துப் பொருளாளரைக் கேட்டேன். அவர் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டார்.

முல்லைத்தீவுப் பக்கத்தில் இருக்கும் தவில்காரர் ஒருவரிடம் கைத்தொலைபேசியில் ஜாஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் டிரம்ஸைப் போட்டுக் காட்டினேன். மோர்ட்டனின் பியானோ நினைவில் இருந்ததால், தவிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்கும்படி முதலிலேயே கேட்டுக்கொண்டேன். ஊதுகிறவரும் டிரம்ஸ்காரரும் நாலு நாலு தாளச் சுற்றாக மாறி மாறி வாசித்து, பிறகு அதையே பாதியாக்கும் இடம் வந்தது. அவர் தலையை ஆட்டினார். “இது குறைப்புத்தானே, தம்பி.” மறுபடி போடச் சொல்லி, தவிலின் இடப்பக்கமான தொப்பியில் கழியால் மெதுவாகத் தொட்டுக்கொண்டே போனார். மூன்றாம் முறை ஊதுகிறவர் விட்ட இடத்தில் டிரம்ஸ்காரரை முந்திக்கொண்டு தாமே நிரப்பினார். நாங்கள் குறைத்துக்கொண்டே வந்து தீர்மானம் என்ற முடிவுச் சொற்கட்டில் சேருவோம், இவர்களோ நடுவில் விட்டுவிட்டுப் பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்பது அவருடைய ஒரே குறை. “முத்தாய்ப்பு வைக்காமல் எழும்பிட்டான். ஆனா கை நல்ல கை.” பதிவில் இருக்கும் அந்த மூன்று நிமிடம், எத்தனை விழா மலர்களைப் புரட்டினாலும் கிடைக்காதது.

பிறகு, பனொனிக்கா டி கொனிக்ஸ்வாட்டர் பற்றிச் சொன்னேன். ரொத்ஸ்சைல்ட் செல்வக் குடும்பத்தில் பிறந்து நியூயோர்க்கில் ஜாஸ்காரர்களுக்கு வீட்டையும் காரையும் திறந்துவிட்ட பெண்மணி அவர். சார்லி பார்க்கர் 1955இல் இறந்தது அவருடைய ஹோட்டல் அறையில். தெலோனியஸ் மங்க் 1982இல் இறக்கும்வரை கடைசி ஆண்டுகளைக் கழித்ததும் அவருடைய வீட்டில். 1960களில் ஏறத்தாழ 300 கலைஞர்களிடம் அவர் ஒரே கேள்வியைக் கேட்டு எழுதிவைத்தார்: உங்களுடைய மூன்று ஆசைகள் என்ன? மைல்ஸ் டேவிஸ் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்: வெள்ளையனாக இருக்க வேண்டும். இதைக் கேட்டதும் தவில்காரர் சிரிக்கவில்லை. “விளங்குது” என்று மட்டும் சொன்னார்.

அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். முதலாவதாக, வாசிக்கிறவனுக்கும் அறுபது வயதுக்குப் பிறகு அரசாங்கம் ஓய்வூதியம் தர வேண்டும் என்றார். இரண்டாவதாக, சுவாமி வெளிவீதி வரும்போது தாம் மல்லாரி வாசிக்கத் தொடங்கினால் லவுட்ஸ்பீக்கர்காரர் பாட்டை நிறுத்த வேண்டும் என்றார். மூன்றாவதற்கு யோசித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி அடுப்படி வாசலில் இருந்து பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தார். வலக்கை விரல்களுக்குப் போடும் கூடுகளைச் சுற்றுவதற்கான துணி அது. பசை காய்ச்சுவதும் சுற்றிக் காயவைப்பதும் கலியாணம் முடித்த நாள் முதல் அவருடைய வேலையாம்.

“மூண்டாவதை நான் சொல்லட்டே?” என்றார். “இனிமேல் கூட்டை அவரே சுத்தட்டும்.”