900 ரூபாய்க்கு ஒரு பச்சை ஃபியூஸ்: பண்ருட்டியிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு பலா லோடு

நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஃபியூஸ் என்பது, கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானே அறுந்து வயரைக் காப்பாற்றுகிற ஒரு சின்னத் துண்டு. 10 ரூபாய்கூட வராது. அதை மாற்ற வந்த ஒருவருக்கு நான் கொடுத்தது 900 ரூபாய். காசு போனதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்த ஆள் போட்ட ஃபியூஸால் வண்டியே பற்றி எரிந்திருக்கும்.

முதலில் வழி, அப்புறம் செலவு, கடைசியில் வண்டிப் பராமரிப்பு என்று வரிசையாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் வழியில் சொல்ல ஒன்றுமில்லை. பண்ருட்டியில் பலா சீசன். 60 பழம் ஏற்றினோம். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு 50, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கடைக்கு 10. அந்தப் பத்துப் பழத்துக்காகத்தான் கடலூர் வழியாகப் போனோம். வாடகை 2,500 பேசியிருந்தோம். நானும் மச்சானும் விடியற்காலை 3.30க்குக் கிளம்பி, மஞ்சக்குப்பத்தில் பழத்தை இறக்கிவிட்டு, தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டி, ரெட்டிச்சாவடியையும் கடந்துவிட்டோம். அதுவரைக்கும் எல்லாம் சரி.

முள்ளோடை எல்லை தாண்டினதும் ஒரு பங்க்கில் டீசல் போட்டோம். புதுச்சேரிப் பக்கம் டீசல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு. அதனால் பண்ருட்டியில் போடாமல் இவ்வளவு தூரம் இழுத்து வந்திருந்தேன். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கிற ஆள் நான். அதே நாளில் 900 ரூபாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பங்க்கை விட்டு இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். சாலையில் ஒரு பள்ளம், வண்டி தூக்கிப் போட்டது. அந்த நொடியே டேஷ்போர்டு இருட்டாகிவிட்டது. ஸ்பீடோமீட்டர் முள் தெரியவில்லை. ஹெட்லைட் எரிகிறதே, உள்ளே பல்புதான் போயிருக்கும் என்று நினைத்து ஓட்டிக்கொண்டே இருந்தேன். பின்னால் ஒரு லாரி கீச்சென்று பிரேக் அடித்து, ஹார்னை விடாமல் அழுத்திக்கொண்டு எங்களை உரசுகிற மாதிரி கடந்து போனது. மச்சான் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: “மாமா, பின்னாடி ரெண்டு லைட்டும் எரியல. நம்பர் பிளேட் லைட்டும் இல்ல.”

பிரேக் மிதித்தால் பிரேக் லைட் எரிகிறது, நாலு பக்க இண்டிகேட்டரும் அடிக்கிறது. டெயில் லைட், முன்னால் உள்ள பார்க்கிங் லைட், நம்பர் பிளேட் லைட், டேஷ்போர்டு லைட் நான்கும் மட்டும் ஒரே நேரத்தில் போயிருக்கின்றன. இப்போது யோசித்தால் குழந்தைக்கும் புரியும். நான்கு இடத்துப் பல்பும் ஒரே நொடியில் எரிந்து போகாது. எங்கள் வண்டியில் அந்த நான்குக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ், போனது அதுதான். எந்தெந்த விளக்கு சேர்ந்து போயிருக்கிறது என்று பார்த்தாலே எந்த ஃபியூஸ் என்று பாதி தெரிந்துவிடும். ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் படம் போட்டே இருக்கிறது. மூன்று வருடமாக வண்டி என் கையில் இருக்கிறது, அந்த மூடியை ஒரு நாளும் நான் திறந்ததில்லை.

மணி 4.45. மார்க்கெட்டில் 5.30க்குப் பழம் வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். டெயில் லைட் இல்லாமல் அந்தச் சாலையில் இருட்டில் போக முடியாது. இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு ஓரம்கட்டினோம். பக்கத்து டீக்கடைக்காரர் பாவம், நல்ல மனுஷன், தனக்குத் தெரிந்த ஒருவரைப் போனில் எழுப்பினார். வந்தவர் பைக்கிலேயே உட்கார்ந்தபடி 1,200 என்றார். “இந்த நேரத்துக்கு வேற எவனும் வரமாட்டான்” என்றும் சொன்னார். கெஞ்சி 900க்குக் கொண்டு வந்தோம்.

டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்தார், ஒரு சிவப்பு ஃபியூஸைப் பிடுங்கினார், சட்டைப் பையிலிருந்து இன்னொரு சிவப்பைப் போட்டார். டப்பென்று அதுவும் போனது. உடனே பச்சை ஒன்றை எடுத்துச் செருகினார். எல்லா லைட்டும் எரிந்தன. “இனிமே போகவே போகாது, ஹெவி ஃபியூஸ் போட்டிருக்கேன்” என்று சொல்லி, காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மொத்தம் நான்கு நிமிஷம்.

கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வரை நிம்மதியாக வந்தோம். நோணாங்குப்பம் பாலத்துக்கு முன்னால் மச்சான் மூக்கைச் சுளித்தான். பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். அடுத்த நிமிஷம் ஸ்டியரிங்குக்குக் கீழிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. லைட் சுவிட்சை அணைத்தேன், சாவியை எடுத்தேன், ஓடிப்போய் 10ஆம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினேன். கை நடுங்கியது. தண்ணீர் எடுக்கவா என்று மச்சான் கேட்டான். கரண்ட் உள்ள இடத்தில் தண்ணீர் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். நல்லவேளை, புகை தானாகவே அடங்கியது.

அந்தப் பச்சை ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, பாலத்துக்குக் கீழே ஓடுகிற சுண்ணாம்பாறு வெளுக்கிற வரைக்கும் பாலத்தோரமே உட்கார்ந்திருந்தோம். நன்றாக விடிந்த பிறகுதான் பேட்டரியை மாட்டி வண்டியை எடுத்தேன். அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், ரயில்வே கேட் என்று ஊர்ந்து பெரிய மார்க்கெட்டை அடையும்போது மணி 7. தாமதத்துக்கு 200 ரூபாய் பிடித்துக்கொண்டார் கடைக்காரர். அவர் மேல் தப்பில்லை.

இந்த நாளில் நல்லதே நடக்கவில்லை என்று நினைத்தால் அந்த மீன் குழம்புக்குத் துரோகம் செய்தவனாவேன். முதலியார்பேட்டையில் ஒரு வீட்டு மெஸ். வாசலில் நான்கு பெஞ்ச், போர்டுகூடக் கிடையாது. சாப்பாடு 120 ரூபாய். சங்கரா மீன் குழம்பு, புளி தூக்கலாக, மேலே எண்ணெய் பிரிந்து நின்றது. மாங்காய்த் துண்டு போட்டிருந்தார்கள். குழம்பில் வெந்த மாங்காயை நசுக்கிச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டதும்தான் விடியற்காலையிலிருந்து இறுகிக் கிடந்த தலை இளகியது. மூன்றாவது முறை குழம்பு கேட்டபோதும் அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை. “கடலூர்ப் பக்கமா தம்பி, நல்லா சாப்பிடுங்க” என்று ஒரு துண்டு மீனையும் சேர்த்து வைத்தார். கடற்கரைச் சாலையில் இதைப்போல மூன்று மடங்கு விலைக்கு விற்கிற எந்தச் சாப்பாடும் இதன் பக்கத்தில் வராது. நான் இரண்டையும் சாப்பிட்டிருக்கிறேன்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரைக் காட்டியதும் அந்த அம்மாதான். இரண்டு தெரு தள்ளி, ஒரு வேப்ப மரத்தடி. அறுபதைத் தாண்டிய பெரியவர். பச்சை ஃபியூஸை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“இதை யார் போட்டது?”

சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

“தம்பி, டெயில் லைட்டு பல்பு அஞ்சு வாட்டு. முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு, நம்பர் பிளேட்டு, டேஷ்போர்டு எல்லாம் சேர்த்தாலும் நாப்பது வாட்டைத் தாண்டாது. பன்னெண்டு வோல்ட்டுல வகுத்துப் பாரு, மூணு ஆம்பியர் சொச்சம். அதுக்குத்தான் கம்பெனிக்காரன் பத்து ஆம்பியர் சிவப்பு குடுத்திருக்கான். வயரும் அந்த அளவுக்குத்தான். பச்சை முப்பது ஆம்பியர். வயர்ல ஷார்ட்டு இருக்கு, ஃபியூஸ் போகமாட்டேங்குது. அப்போ எது போகும்? வயர்தான் எரியும்.”

எல்லா நிற ஃபியூஸும் ஒரே அளவு, எந்தக் குழியிலும் கச்சிதமாக உட்காரும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. நிறத்தைப் பார்க்காமல் கைக்குக் கிடைத்ததைச் செருகலாம், லைட்டும் எரியும். பழுப்பு 7.5 ஆம்பியர், சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமில்லாமல் கண்ணாடி மாதிரி இருந்தால் 25, பச்சை 30. இதை நான் இப்போது மனப்பாடமாகச் சொல்கிறேன். நிறம் மங்கியிருந்தாலும் தலையில் எண் அச்சடித்திருக்கும். போன இடத்தில் அதே எண்தான் போட வேண்டும். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுருட்டிச் செருகுகிற பழக்கம் நம் டிரைவர்களிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள், அது பச்சை ஃபியூஸைவிட மோசம்.

அடுத்து அவர் செய்ததை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். ஃபியூஸ் போன குழியின் இரண்டு முனைகளிலும் ஃபியூஸுக்குப் பதிலாக ஒரு 21 வாட் பல்பை வயரோடு மாட்டினார். அந்த லைனில் உள்ள பல்புகளை எல்லாம் கழற்றச் சொன்னார். லைட் சுவிட்சைப் போட்டால் அவருடைய பல்பு பளிச்சென்று எரிந்தது. கரண்ட் போக வேறு வழியே இல்லை, ஆனாலும் எரிகிறது என்றால் எங்கோ வயர் வண்டியின் இரும்புப் பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதுதான் அவர் சொன்ன ஷார்ட். “இப்போ வயரைப் பிடிச்சு முன்னாடியிருந்து பின்னாடி வரைக்கும் மெதுவா அசைச்சுக்கிட்டே போ. பல்பு எங்க அணையுதோ அங்கதான் நோய்.” என்னையே செய்ய வைத்தார். வண்டிக்கடியில் படுத்து அசைத்துக்கொண்டே போனேன். பின் ஸ்பிரிங் பட்டைக்கு மேலே, சேஸி என்கிற அடிச்சட்டத்தின் ஓரத்தில் கை வைத்ததும் மச்சான் கத்தினான், “அணைஞ்சிடுச்சு மாமா!”

வயரைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் உடைந்து, வயர் சேஸி விளிம்பில் உரசி உரசித் தோல் போய், செம்பு பளபளத்தது. பள்ளத்தில் தூக்கிப் போட்டபோது அது சேஸியைத் தொட்டிருக்கிறது. அதோடு விடவில்லை. டெயில் லைட்டோடு வயரை இணைக்கிற கனெக்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பச்சைப் பாசி மாதிரி பூத்திருந்தது. போன மாதம் முழுக்கக் கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து மீன் பெட்டி ஏற்றியிருக்கிறேன். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பின்பக்கமாக வழிந்து அதன் மேலேயே சொட்டியிருக்கிறது. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அன்று புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அதற்கப்புறம் பல வாரங்களுக்கு இப்படிப் பூத்த கனெக்டர்கள்தான் தன்னிடம் வந்துகொண்டே இருந்தன என்றார் பெரியவர்.

கனெக்டரை மாற்றி, வெறும் வயரை வெட்டிப் புது வயர் இணைத்து, உறை போட்டு, சேஸியில் படாமல் கட்டி, டேஷ்போர்டுக்குக் கீழே கருகிய ஒரு அடி வயரையும் மாற்றினார். சாமானோடு சேர்த்து 350 ரூபாய். 500 கொடுத்தேன், 150ஐத் திருப்பிக் கையில் வைத்தார். கடைசியில் சிவப்பு ஃபியூஸை என் கையாலேயே போடச் சொன்னார். சாவி ஆஃப், சுவிட்ச் ஆஃப், மூடியில் குத்தி வைத்திருக்கும் குட்டி பிளாஸ்டிக் கிடுக்கியால் பழையதை நேராக இழுக்க வேண்டும், புதியதை நேராக அழுத்த வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நல்ல ஃபியூஸில் உள்ளே கம்பி முழுசாக வளைந்து தெரியும், போனதில் அறுந்திருக்கும். ஒரு தடவை மாற்றிப் பாருங்கள். உடனே அதுவும் போனால் மூன்றாவதைத் தேடாதீர்கள், வயரைத் தேடுங்கள்.

இன்று காலை வீட்டு வாசலில் ஜமுக்காளத்தை விரித்து, வண்டியின் மற்ற சங்கதிகளையும் பார்த்தேன். பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்காமல் இருப்பதற்காகத்தான். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றினால் பொடி பொங்கிக் கழன்றுவிடுகிறது. காய்ந்த பிறகு வாசலின் தடவினேன். டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தியதும் கொஞ்சம் தண்ணீர் இறங்கியது. ஏர் ஃபில்டரைத் தட்டியபோது ஒரு பிடி தூசி கொட்டியது. ஆயில், கூலண்ட், பெல்ட் எல்லாம் சரி. கூலண்டை இன்ஜின் ஆறிய பிறகே திறந்தேன். டயர் காற்றை லோடு இல்லாமல் ஓடுகிற கணக்கில் வைத்திருந்தேன், அது தப்பு. லோடுக்கு எவ்வளவு என்று கதவோரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கிறது. வண்டிக்கடியில் நல்ல தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினேன். இனிமேல் மீன் லோடு ஏற்றினால் அன்று மாலையே கழுவுவேன்.

செலவைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். டீசல் 800, சாப்பாடு இரண்டு பேருக்கு 240, பச்சை ஃபியூஸ்காரர் 900, பெரியவர் 350, மார்க்கெட்டில் பிடித்தம் 200. மொத்தம் 2,490. 2,500 வாடகையில் மிச்சம் 10 ரூபாய். அதோடு கைக்காசு 60 போட்டு 7.5, 10, 15, 20 ஆம்பியரில் இரண்டிரண்டு ஃபியூஸ் வாங்கி வண்டியில் போட்டிருக்கிறேன். பச்சை வாங்கவில்லை. எங்கள் பாக்ஸில் பச்சைக்கு இருப்பது ஒரே ஒரு இடம், அதை நான் தொடப் போவதில்லை.

திரும்பும்போது இருட்டிவிட்டது. முள்ளோடை, ரெட்டிச்சாவடி, தென்பெண்ணைப் பாலம். பாலம் இறங்கியதும் மனசு கேட்கவில்லை, ஓரம்கட்டினேன். மச்சான் இறங்கிப் பின்னால் போனான்.

“ரெண்டும் எரியுது மாமா. நம்பரும் தெரியுது. போலாம்.”