பிரிக்ஸ் சரி, ஆசிட் சரி

மாங்கூழ் வாங்கியவர் அனுப்பிய புகார் மெயிலில் ஒரு எண்கூட இல்லை. 'பாரிட்ஜி' என்று ஒரு சொல்தான். இங்கிலாந்துக்காரர்கள் காலையில் ஓட்ஸைக் காய்ச்சிச் சாப்பிடுவார்களே, சரக்கு அந்தப் பதத்தில் இருக்கிறதாம். பெங்களூரா ரக மாங்கூழ், 215 கிலோ டிரம்கள், போன சீசனில் அடைத்தது. லேப் ஃபைலில் பிரிக்ஸ் (கரைந்திருக்கும் சர்க்கரையின் அளவு) 15, ஆசிட் (புளிப்பு) 0.5 சதவீதம், பி.எச். 4க்குக் கீழே, பாஸ்ட்விக் (கூழ் ஓடும் தூரம்) 10 செ.மீ. எல்லாமே ஒப்பந்தத்தில் உள்ள 'ஸ்பெக்' என்ற அளவுப் பட்டியலுக்குள்.

"இந்த வார்த்தை ஸ்பெக்ல எந்த வரியில இருக்கு, காட்டும்மா" என்றார் புரொடக்ஷன் பொறுப்பாளர்.

"வரியில இல்ல சார். எடுத்து வெச்ச சாம்பிள்ல அயோடின் விட்டுப் பார்த்தேன், திட்டுத்திட்டா நீலம் வருது" என்றாள் லேப் பெண்.

"அயோடின் யாரும்மா கேட்டாங்க?"

அவள் அதற்கு மேல் பேசவில்லை. அந்தக் கேள்வி நியாயமானதா இல்லையா என்பதை என்னால் இன்றுவரை தீர்த்துக்கொள்ள முடியவில்லை.

நீலம் வந்தால் மாவுச்சத்து இருக்கிறது என்று அர்த்தம். காயாக இருக்கும்போது மாங்காயில் சேரும் மாவுச்சத்து, பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாக மாறும். அரைப்பழம் கூழாக்கும் லைனுக்குள் போனால் மாறாத மாவு சூட்டில் வெந்துவிடும். ராகிக் களி ஆறியதும் இறுகுகிற மாதிரி, டிரம்முக்குள் மெல்ல மெல்ல இறுகி மணல்மணலாகத் திரளும். அடைத்த அன்று வழவழவென்று இருந்தது சில மாதம் கழித்துக் கட்டி தட்டுவது இதனால்தான்.

பிரிக்ஸ் இதைக் காட்டிக்கொடுக்காது. நன்றாகப் பழுத்த கிரேட், அதாவது பழப்பெட்டி, 17 காட்டும்; அரைப்பழக் கிரேட் 12 காட்டும். இரண்டும் ஒரே டாங்கில் கலந்தால் 15க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். புளிப்பும் அப்படியே சமன் ஆகிவிடும். பாஸ்ட்விக்கும் உதவாது. 20 டிகிரிக்குக் கொண்டுவந்த கூழைத் தொட்டியில் ஊற்றி, கதவைத் திறந்து, 30 விநாடியில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்க்கும் கருவி அது. ஓட்டத்தை அளக்குமே தவிர நாக்கில் தட்டும் நெறுநெறுப்பை அளக்காது. வழவழப்பான கூழும் 10 ஓடும், கட்டிக் கூழும் 10 ஓடும். அவசரத்தில் கூழை ஆறவிடாமல் சோதித்தால் இன்னும் மோசம், கெட்டிச் சரக்குகூட நன்றாக ஓடி பாஸ் ஆகிவிடும்.

அந்தப் பதத்துக்கு மாவு மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. கூழைச் சலிக்கும் ஃபினிஷர் எந்திரத்தின் சல்லடை கிழிந்திருந்தால் நாரும் தோல் துணுக்கும் இறங்கும். பிரித்தறிவது சுலபம். ஒரு பங்கு கூழுக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து சல்லடையில் விட்டால் நார் மேலே தங்கும். மாவுக் கட்டியை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தால் மசிந்து போகும். சூட்டில் நொதி அடங்காமல் பழத்தில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருள் திரண்டாலும் இதே பதம் வரும், ஆனால் அங்கே தண்ணீர் தனியே பிரிந்து நிற்கும்.

அயோடினிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கூழ் ஆறியிருக்க வேண்டும், சூட்டில் நீலம் நிற்காது. முதல் சில சொட்டுகளின் நிறத்தை மாங்கூழில் உள்ள வைட்டமின் சி அழித்துவிடும். அதைப் பார்த்து 'மாவு இல்லை' என்று எழுதிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பெண் பொறுமையாகக் கூடுதல் சொட்டுகள் விட்டுப் பார்த்திருக்கிறாள். அதனால்தான் அவள் சொன்னதை எளிதில் தள்ள முடியவில்லை.

பொறுப்பாளர் பக்கமும் பொய்யில்லை. ஜூன் மாதம், வாசலில் லாரி வரிசை, பழுக்கவைக்கும் கொட்டகையில் இடமில்லை. காற்றோட்டம் இல்லாமல் அடுக்கினால் மேல் கிரேட் கனிந்து அடிக் கிரேட் பச்சையாகவே கிடக்கும். காயைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவை அனுமதித்த 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் நூறு பங்கு) வரை விட்டாலும், அது போய்ச் சேராத மூலையில் காய் காய்தான். அடிக் கிரேட்டுக்காக இரண்டு நாள் காத்தால் மேல் கிரேட் அழுகும். பிரித்து அடுக்க ஆளும் இல்லை. அந்த நேரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து லைனில் விடுவதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எண் இல்லாத புகாரை ஏற்பதும் ஆபத்துதான். வெளிநாட்டில் விலை இறங்கினால் மறுநாளே எல்லாச் சரக்கும் 'கஞ்சி' ஆகிவிடும். பேரத்துக்காகப் புகார் கிளப்பும் வாங்குபவர்களை இந்தத் தொழிலில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒப்பந்தத்தில் எண் இருப்பதே அதற்குத்தான். 'எல்லா அளவுகளும் வரம்புக்குள் உள்ளன' என்று பதில் போனது. அயோடின் விஷயம் அதில் இல்லை. கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று ஒரு மனம். கேட்டவருக்கு அளக்கத் தெரியவில்லை, அளந்தவளைச் சொல்லவிடவில்லை என்று இன்னொரு மனம்.

இதைத் தடுக்கிற இடம் லேப் கிடையாது. லைனுக்கு அனுப்பும் முன் கொட்டகையின் நான்கு மூலையிலும் அடிக் கிரேட்டில் ஒரு பழம் எடுத்து, குறுக்கே அறுத்து, வெட்டுமுகத்தில் அயோடின் தடவ வேண்டும். வெட்டுமுகம் முழுவதையும் பார்க்க வேண்டும், கருநீலம் எங்காவது தங்குகிறதா என்று. தங்கினால் அந்த மூலையை நிறுத்திவைக்கலாம். செலவு ஒரு சின்ன அயோடின் பாட்டிலும் கால் மணி நேரமும். இதைச் செய்தால் சீசன் உச்சத்தில் லைன் நிற்கும், அதையும் மறைக்கக் கூடாது.

இந்த வருட ஒப்பந்தத்தில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருக்கிறது: 'மிருதுவாக, கட்டியின்றி இருக்க வேண்டும்.' எந்த முறையில் பார்ப்பது, அடைத்து எத்தனை மாதம் கழித்துப் பார்ப்பது, ஒன்றும் இல்லை. பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். லேப் பெண்தான் எந்தச் சோதனையின் கீழ் இதைப் பதிவது என்று கேட்டாள். ஃபார்மில் அதற்குக் கட்டம் இல்லாததால், இப்போதைக்கு 'குறிப்பு' என்ற இடத்தில் எழுதுகிறாள்.