பனி நிலவு மீத்தேன்: டி/எச் கணக்கு எங்கே சறுக்கும்?

"பனி நிலவின் மீத்தேன் எங்கிருந்து வந்தது? ஹைட்ரஜன் ஐசோடோப்புகளை வைத்து ஆராய்க." இப்படி ஒரு வினா தேர்வில் வந்தால் பலர் சனிக்கோளின் நிலவான டைட்டனின் எண்ணை எழுதி, பூமியின் கடல்நீரோடு ஒப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். மதிப்பெண் அங்கேயே போய்விடும். மீத்தேனை ஒப்பிட வேண்டியது அது பிறந்த இடத்து நீரோடு.

முதலில் கணக்கு. டி/எச் என்பது கனமான ஹைட்ரஜனான டியூட்டீரியத்துக்கும் (டி) சாதாரண ஹைட்ரஜனுக்கும் (எச்) உள்ள விகிதம். கருவியிலிருந்து கிடைப்பது மூலக்கூறு விகிதம், நமக்கு வேண்டியது அணு விகிதம். மீத்தேனில் டியூட்டீரியம் ஏற நான்கு இடங்கள் உண்டு. ஆகவே டியூட்டீரியம் ஏறிய மீத்தேனுக்கும் சாதாரண மீத்தேனுக்கும் உள்ள விகிதத்தை 4ஆல் வகுக்க வேண்டும். நீர், ஹைட்ரஜன் வாயு என்றால் 2ஆல். டைட்டன் மீத்தேனின் டி/எச் 1.32 × 10⁻⁴. வகுக்க மறந்தால் 5.3 × 10⁻⁴ வரும். 67பி வால்வெள்ளியின் நீரில் ரொசெட்டா விண்கலம் கண்ட மதிப்பும் இதேதான்! இரண்டும் ஒன்றே என்று அழகாக ஒரு தவறான முடிவை எழுதிவிடலாம்.

மனத்தில் இருக்க வேண்டிய எண்கள் சிலவே. சூரியனைப் பெற்ற வாயு மேகம் சுமார் 2 × 10⁻⁵. பூமியின் கடல்நீர் 1.56 × 10⁻⁴. சனியின் இன்னொரு நிலவான என்செலடஸ் விண்வெளியில் பீச்சியடிக்கும் நீர் 2.9 × 10⁻⁴. கடைசி எண்ணின் பிழை எல்லை மேலே 1.5, கீழே 0.7, இந்தச் சமமின்மையையும் சேர்த்தே எழுதுங்கள்.

67பியின் மீத்தேனில் டி/எச் ஏறத்தாழ 2.4 × 10⁻³, அதாவது அதே வால்வெள்ளியின் நீரைப்போல் நாலரை மடங்கு. விண்வெளியின் கடுங்குளிரில் தூசித் துகள்களின் மேல் உருவாகி, மாறாமல் வந்து சேர்ந்த மீத்தேனின் அடையாளம் இது. நிலவின் உள்ளே பாறையும் சுடுநீரும் வினைபுரிந்து பிறந்த மீத்தேன் என்றால் ஹைட்ரஜன் நீரிலிருந்து வந்திருக்கும். டி/எச் நீரின் அருகிலோ சற்றுக் கீழோ நிற்கும். ஏரிஸ், மாக்கேமாக்கே இரண்டும் நிலவுகள் அல்ல, குறுங்கோள்கள். ஆனாலும் விடையில் சேர்க்கத் தகுந்தவை. ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கித் தரவிலிருந்து 2024இல் வெளியான மீத்தேன் டி/எச் மதிப்புகள் முறையே 2.5, 2.9 × 10⁻⁴. 67பி மீத்தேனில் பத்தில் ஒரு பங்குதான் என்பதால், உள்வெப்பம் அவற்றின் மீத்தேனைச் சமைத்திருக்கலாம் என்ற வாதம் வலுக்கிறது. அவற்றின் நீரை யாரும் அளக்கவில்லை. வால்வெள்ளி நீரை ஈடாக வைத்தே ஒப்பிடுகிறோம் என்று ஒரு வரி எழுதினால் திருத்துபவர் கவனிப்பார்.

பெரிய சறுக்கல், மீத்தேனின் மூலத்தை ஐசோடோப்பால் வகைப்படுத்தும் பூமியின் வரைபடம். அதில் வரும் டெல்டா-டி என்பது, டி/எச் பூமியின் கடல்நீரிலிருந்து ஆயிரத்துக்கு எத்தனை பங்கு (‰) விலகியிருக்கிறது என்பது. நுண்ணுயிர் மீத்தேனுக்கு டெல்டா-டி சுமார் −400 முதல் −150‰ என்று படித்ததை அப்படியே என்செலடஸில் பொருத்துகிறார்கள். அங்கே நீரே +860‰ அளவில் இருக்கிறது. மீத்தேன் அந்த நீரில் 0.8 பங்கு டி/எச் கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 2.32 × 10⁻⁴, அதாவது சுமார் +490‰. பூமி வரைபடத்தில் இதற்கு இடமே இல்லை. முதலில் உள்ளூர் நீரால் வகுத்துவிட்டுத்தான் வெப்பநிலை, உயிர் பற்றியெல்லாம் பேச வேண்டும்.

டைட்டனில் இன்னொரு தலைவலி: ஒளிவேதியியல். அங்கே சாதாரண மீத்தேன் சற்று வேகமாக அழிய, மிஞ்சுவதில் டியூட்டீரியம் கூடுகிறது. இன்று அளக்கும் எண் பிறந்தபோது இருந்த எண் அல்ல. அளவீடும் ஒரே மாதிரி இல்லை. சனியை ஆராய்ந்த கசினி விண்கலத்தின் அகச்சிவப்புத் தரவிலிருந்தே 2007இல் 1.32, 2012இல் 1.59 × 10⁻⁴ என்று வந்தன. ஒன்றை மட்டும் எழுதிவிட்டு அடுத்ததை மறைக்காதீர்கள்.

என்செலடஸ் மீத்தேனின் டி/எச்சைக் கசினி அளந்ததாக எழுதுவது நேரடிப் பிழை. அது அளந்தது மீத்தேனின் அளவை: 2017இல் வெளியான முடிவில் பீச்சில் 0.1 முதல் 0.3 விழுக்காடு. பீச்சை ஆராயும் கருவி மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காண்கிறது; டியூட்டீரியம் ஏறிய மீத்தேனின் நிறை 17. கார்பன்-13 மீத்தேன், அம்மோனியா, நீர் உடைந்து வரும் ஹைட்ராக்சில் எல்லாமே அதே 17இல் குவிகின்றன. பீச்சில் பெரும்பகுதி நீர் என்பதால் ஹைட்ராக்சிலே மற்றவற்றை மூழ்கடித்துவிடும். அதைப் பிரிக்க நிறைப் பிரிதிறன் (நெருங்கிய நிறைகளைப் பிரித்துக் காட்டும் திறன்) 500 போதும், அம்மோனியாவைப் பிரிக்க 1,550 வேண்டும். கார்பன்-13 மீத்தேனுக்கோ சுமார் 5,800 வேண்டும். கடல்நீர் அளவு டியூட்டீரியம் என்று கொண்டால் அதன் குறிகை நாம் தேடுவதைப்போல் ஏறத்தாழ 18 மடங்கு.