நாய் என்று பெயர் வாங்கிய சிங்கம்

ரோட்டர்டாமிலிருந்து டோர்ட்ரெக்ட் ரயிலில் கால் மணி நேரம்தான். ஊருக்குப் போனதே ஒரு வாசலைப் பார்க்க. ஃபோர்ஸ்ட்ராட் தெருவில் கடைகளுக்கு நடுவே, 1555இல் கட்டிய கல் வளைவு ஒன்று நிற்கிறது. ஹாலந்து மாநிலத்தின் நாணயச்சாலை 1806 வரை அதற்கு உள்ளேதான் நடந்தது. வளைவுக்குக் கீழே சைக்கிளைச் சாத்தியிருந்த ஒருவர், அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த என்னை விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

என் தேடல் லேவன்டால்டர், அதாவது சிங்க டாலர். ஸ்பெயினோடு போர் நடந்துகொண்டிருந்த 1575இல் பிறந்த வெள்ளிக்காசு. எடை 27.68 கிராம், அதில் முக்கால் பங்குதான் வெள்ளி. உள்ளே இருக்கும் வெள்ளிக்கு மேலாக விலை வைத்து, 32 ஸ்டைவருக்கு (ஸ்டைவர் என்பது அந்தக் காலத்து டச்சுச் சில்லறைக் காசு) விட்டார்கள். போர்ச்செலவுக்குப் பணம் வேண்டுமே! உள்ளூரில் பெரிய மதிப்பில்லாத இந்தக் காசு, வணிகர்களோடு துருக்கி, எகிப்து வரை போய்க் கொடிகட்டிப் பறந்தது. மங்கிய அச்சில் இருந்த சிங்கத்தைப் பார்த்து அரபு வியாபாரிகள் 'அபூ கல்ப்' என்றார்கள். நாயின் தகப்பன் என்று அர்த்தம். ஆனால் ருமேனியாவின் 'லேயு' என்ற பணப்பெயர் இந்தச் சிங்கத்திடமிருந்து வந்ததுதான்.

போன வருடம் இணையத்தில் இதே காசு ஒன்றை வாங்கி ஏமாந்திருந்தேன். படத்தில் அவ்வளவு அழகு. தராசில் வைத்தால் 21 கிராம். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், இந்தக் காசு அவ்வளவு அழகாக இருக்கவே கூடாது. சம்மட்டியால் அவசர அவசரமாக அடித்தவை. ஒரு பக்கம் எழுத்து இருந்தால் மறுபக்கம் மொழுக்கென்று இருக்கும்.

அதனால் சனிக்கிழமை ஆம்ஸ்டர்டாமின் நியூவஸைட்ஸ் ஃபோர்பர்க்வால் தெருவுக்குப் போனேன். அங்கே புதன், சனியில் தபால்தலை, நாணயச் சந்தை கூடும். ஒரு பெரியவர் பெட்டியைத் திறந்து, நான் கேட்காமலேயே தராசையும் நீட்டினார். 26.9. தேய்மானம் போக அது சரியான எடை. விளிம்பில் குட்டி ரோஜா முத்திரை: டோர்ட்ரெக்ட்! முந்தைய நாள் நான் நின்ற வாசல் வழியாக வெளியே வந்த காசு. பேரம் பேசக் கூச்சமாக இருந்தாலும் பேசினேன். 110 யூரோ என்றவர் 95க்கு இறங்கினார். "கழுவிவிடாதீர்கள்" என்று இரண்டு முறை சொல்லித்தான் கொடுத்தார்.

அன்று மாலை நண்பர் வீட்டில் காட்டினேன். அவருடைய மகள், "இது நாயா மாமா?" என்றாள். அரபு வியாபாரிகள் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

ஆண்டு 164 வரை தெளிவாக இருக்கிறது. கடைசி இலக்கத்தில் அச்சு பாதிதான் விழுந்திருக்கிறது. நான் 8 என்கிறேன். நண்பர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு 3 என்கிறார்.