தேதி போடாத அவசரம்

போன மாதம் இரவு பன்னிரண்டரை மணிக்கு ஒருவர் கூப்பிட்டு, "சார், பாப்பாவுக்கு ஓ நெகட்டிவ் வேணும்னு போட்டிருந்தீங்களே, கிடைச்சிடுச்சா?" என்று கேட்டாராம். எடுத்தவர் அந்தப் பாப்பாவின் அப்பா. பாப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து, வீட்டுக்கு வந்து, இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வாட்ஸ்அப்பில் மட்டும் இன்னும் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள்.

அந்தச் செய்தியை எழுதிக் கொடுத்தவன் நான்தான். "அவசரம்! குழந்தையின் உயிரைக் காக்க ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை. அதிகம் பகிரவும்." கீழே அவருடைய நம்பர். தேதி இல்லை, ஆஸ்பத்திரி பெயர் இல்லை, எத்தனை யூனிட் என்று இல்லை. மதுரையா சேலமா என்றுகூட இல்லை. பகிரச் சொன்னோம், பகிர்ந்தார்கள். ரத்தம் கொடுக்க ஒருவரும் வரவில்லை. கடைசியில், ரத்தம் கொடுப்பவர்களின் பெயர் எழுதி வைத்திருக்கும் என் பழைய நோட்டைப் புரட்டி நேரடியாகக் கூப்பிட்ட மூன்றாவது ஆள்தான் வந்து கொடுத்தார்.

இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், என் பிழைப்பே லாரி புக்கிங் ஆபீஸ். "சரக்கு இருக்கு, யாராவது வாங்க" என்று எந்த டிரைவரையும் நான் கூப்பிட்டதில்லை. "பன்னிரண்டு டன், கப்பலூரில் ஏற்றி ஓசூரில் இறக்கணும், காலை ஆறு மணிக்கு வண்டி நிக்கணும், வாடகை இவ்வளவு" என்றால்தான் அவர் வருவதா வேண்டாமா என்று சொல்வார். இரும்புக் கம்பிக்குத் தெரிந்த அறிவு, ரத்தம் என்றதும் எங்கோ போய்விட்டது. பதறிப்போய் எழுதினால் பதற்றம்தான் போய்ச் சேருகிறது.

இப்போது யாராவது ரத்தம் கேட்டால், முதலில் நான்தான் கேள்வி கேட்கிறேன். நோயாளிக்கு ஏற்றத்தான் அதே வகை கேட்கிறார்களா, இல்லை ரத்த வங்கியில் எடுத்ததற்கு ஈடாகக் கொடுக்கச் சொல்கிறார்களா? ஈடு என்றால் பெரும்பாலும் எந்த வகையானாலும் வாங்கிக்கொள்வார்கள். இது தெரியாமல் ஓ நெகட்டிவ் ஆளைத் தேடி ஊரைச் சுற்றியவர்கள் உண்டு. கூடவே நிற்கும் மச்சானே கொடுத்திருக்கலாம்.

அடுத்த கேள்வி, ரத்தமா, இல்லை ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களான பிளேட்லெட்டா? ஒரு டெங்கு சீசனில் "ரத்தம் தேவை" என்று போட்டு, கல்லூரிப் பையன்கள் ஆறு பேர் பைக்கில் வந்து இறங்கினார்கள். அங்கே கேட்டதோ மெஷினில் பிரித்தெடுக்கும் பிளேட்லெட். சாதாரண ரத்த தானம் என்றால் ஊசி ஏறியதிலிருந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இது ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். கை நரம்பு தடிமனாக இருக்க வேண்டும். மூன்று நாளைக்குள் ஆஸ்பிரின் மாத்திரை போட்டிருக்கக் கூடாது. ஆறு பேரில் ஒருவன்தான் தேறினான். மற்ற ஐந்து பேரும் டீ குடித்துவிட்டுப் போனார்கள். அவர்களில் மூன்று பேர் அதற்கப்புறம் என் போனையே எடுப்பதில்லை. அவர்கள் மேல் தப்பில்லை.

பிளேட்லெட்டை முன்கூட்டியே வாங்கி அடுக்கியும் வைக்க முடியாது. 20 முதல் 24 டிகிரி சூட்டில் ஆட்டிக்கொண்டே வைத்திருந்தாலும் ஐந்து நாள்தான் தாங்கும். ஆகவே "நாளை காலை 9 மணிக்கு" என்று நேரத்தோடுதான் ஆளைக் கூப்பிட வேண்டும்.

குழுவில் போடுவதை நான் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டேன். முந்நூறு பேர் படிப்பார்கள், முந்நூறு பேரும் மற்ற 299 பேரை நம்புவார்கள். நோட்டில் ஒவ்வொருவரும் கடைசியாகக் கொடுத்த தேதி இருக்கிறது. ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் ஆகியிருக்க வேண்டும். ஆகியிருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். "தம்பி, நாளை காலை 9 மணி, இந்த ஆஸ்பத்திரி, முதல் மாடி ரத்த வங்கி, ஒரு யூனிட். முடியுமா, முடியாதா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, கோவிச்சுக்க மாட்டேன்."

அந்தக் கடைசி வரியைச் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் "பார்க்கிறேன் அண்ணே" என்றால் வரமாட்டார். "வந்துடுறேன்" என்றால் பாதி நம்பலாம். "கிளம்பிட்டேன்" என்றால் குளிக்கப் போகிறார். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. நாம்தான் அதற்கு வழிவிட வேண்டும்.

"சாப்பிட்டுட்டு வா" என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனை மாதிரி வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று நினைத்து ஒரு பையன் காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து நின்றான். கேன்டீனில் நாலு இட்லி சாப்பிட வைத்து, அரை மணி நேரம் உட்கார வைத்து, அப்புறம்தான் எடுத்தார்கள்.

பாப்பாவின் அப்பா நம்பரை மாற்றவில்லை. பேங்க் கணக்குக்கு அந்த நம்பர்தான் கொடுத்திருக்கிறாராம். இப்போது யாராவது கூப்பிட்டால், "பாப்பா நல்லா இருக்காங்க" என்று சொன்ன கையோடு விவரம் கேட்டு எழுதி எனக்கு அனுப்பிவிடுகிறார். அந்தப் பன்னிரண்டரை மணி ஆளைப் பற்றி மறுநாள் காலையில் எனக்கு வந்த செய்தி இது: "ஓ நெகட்டிவ். வயது 31. எடை 62. கொடுத்து ஐந்து மாதம் ஆச்சு. நைட் ஷிப்ட். பகல் 2 மணிக்கு மேல் கூப்பிடவும்."