ஹாம் ரேடியோ: முதலில் காது, அப்புறம் மைக்

ஹாம் ரேடியோவுக்கு, அதாவது தேர்வெழுதி லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்காக வானொலியில் பேசும் கலைக்கு, வர நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "எந்த செட் வாங்கலாம்?" என்றுதான். என்னைக் கேட்டால் செட் கடைசி. முதலில் காது பழக வேண்டும். நான் அந்த வரிசையில் போனதால்தான் தேர்வு பாரமாக இல்லை. லைசென்ஸ் வந்த பிறகு மைக்கைப் பிடிக்கவும் கை தயங்கவில்லை.

ஒலிபரப்ப லைசென்ஸ் கட்டாயம். வெறுமனே கேட்பதற்குப் பல நாடுகளில் அது தேவையில்லை. உங்கள் நாட்டு விதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரிசீவர் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இருக்கும் வெப் எஸ்.டி.ஆர். ரிசீவரை இணையத்தில் யார் வேண்டுமானாலும் டியூன் செய்து கேட்கலாம். நான் இரவில் 40 மீட்டர் பேண்டில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம், காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எஸ்.எஸ்.பி. என்ற குரல் ஒலிபரப்பு முறையில் டயல் கொஞ்சம் விலகியிருந்தால் குரல் கீச்சென்றோ, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலவோ கேட்கும். மெல்ல மெல்ல நகர்த்தினால் ஓரிடத்தில் சட்டென்று மனிதக் குரலாகத் தெளியும். அந்த இடத்தைக் காது தானாகப் பிடிக்கும்வரை கேளுங்கள்.

கேட்கக் கேட்க வேறு பலவும் படியும். கால்சைனின், அதாவது ஒவ்வொரு ஹாமுக்கும் தரப்படும் அடையாளக் குறியீட்டின், முதல் எழுத்துகளே நாட்டைச் சொல்லிவிடும்: ஜே.ஏ. என்றால் ஜப்பான், வி.யூ. இந்தியா, 4எஸ் இலங்கை. இரைச்சலில் 'பி'யும் 'டி'யும் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால்தான் 'பிராவோ', 'டெல்டா' என்று பிரித்துச் சொல்கிறார்கள். பாடப்புத்தகத்தில் அட்டவணையாக வரும் இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே பழகிய பேச்சாக இருந்தது.

தேர்வில் விதிகள் ஒரு பாதி, மின்னணுவியல் அடிப்படை மறுபாதி என்று வைத்துக்கொள்ளலாம். விதிகளை ஒதுக்கிவிட்டுப் படிக்காதீர்கள். கால்சைனைச் சொல்லாமல் பேசக்கூடாது, பொருளை மறைக்கும் ரகசியக் குறியீடு கூடாது, வியாபாரம் கூடாது என்பவைதான் இந்த அலைவரிசைகள் இன்னும் நம் கையில் இருப்பதற்குக் காரணம். மின்னணுவியலில் ஓம் விதி, டெசிபல், ஹார்மோனிக் (ஓர் அதிர்வெண்ணின் மடங்குகளில் எழும் கூடுதல் அலை) மூன்றையும் நெட்டுரு போடாமல் புரிந்துகொண்டால் பெரும்பாலான கேள்விகளைச் சமாளிக்கலாம். 3 டெசிபல் ஏறினால் சக்தி இரண்டு மடங்கு, 10 டெசிபல் ஏறினால் பத்து மடங்கு. 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வந்துவிடும். இந்தக் கணக்கு தேர்வோடு முடிவதில்லை, ஆன்டெனா கட்டும்போதும் கூடவே வரும்.

தேர்வு முடிந்து கால்சைன் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியை நான் ஆன்டெனாவுக்குக் கொடுத்தேன். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலை டைபோலின் (நடுவில் கேபிள் இணைத்த, இரு பக்கமும் நீளும் கம்பி ஆன்டெனாவின்) மொத்த நீளம் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 20.1 மீட்டர், நடுவில் கோஆக்ஸ் கேபிள், இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் கம்பி. ஆனால் சூத்திரம் சொன்ன அளவில் வெட்டாதீர்கள். உயரம், பக்கத்துச் சுவர், கம்பியின் உறை எல்லாமே அளவை மாற்றும். கொஞ்சம் நீளமாகவே கட்டி மேலேற்றினேன். ஒரு சீனியர் ஹாம் இரவல் தந்த ஆன்டெனா அனலைசரில் பார்த்தால், எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும் அளவு, குறைந்தால் நல்லது) 6.9 மெகாஹெர்ட்ஸில் போய்க் குறைகிறது. வேண்டிய அதிர்வெண்ணுக்குக் கீழே குறைந்தால் கம்பி தேவைக்கு மேல் நீளம் என்று பொருள். 6.9ஐ 7.1ஆல் வகுத்தால் 0.97, ஆக மூன்று சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்க வேண்டும், பக்கத்துக்கு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். வெட்டாமல் நுனியை மடக்கி அதே கம்பியின் மேல் சுற்றிவிட்டு மறுபடி ஏற்றினேன். எஸ்.டபிள்யூ.ஆர். குறையும் அந்தப் பள்ளம் நான் கேட்ட இடத்துக்கு நகர்ந்து வந்ததைத் திரையில் பார்த்தபோது கிடைத்த மகிழ்ச்சியை எந்த விலையுயர்ந்த செட்டும் தராது. ஒன்று மட்டும் முக்கியம்: மின்கம்பிக்குப் பக்கத்தில் எந்தக் காரணத்துக்காகவும் ஆன்டெனா கட்டாதீர்கள்.

கால்சைன் வந்ததும் 2 மீட்டர் பேண்ட் ரிப்பீட்டரில் (நம் சிக்னலை வாங்கி மறுஒலிபரப்பும் நிலையத்தில்) ஆரம்பித்தேன். கைசெட்டே போதும். பட்டனை அழுத்தியதும் பேசிவிடாமல் ஒரு நொடி பொறுங்கள். ரிப்பீட்டர் விழித்துக்கொள்ளும் முன் பேசினால் முதல் எழுத்து வெட்டுப்பட்டுவிடும். பிறகு 40 மீட்டர். பகலில் வளிமண்டலத்தின் மேலே உருவாகும் டி அடுக்கு அலைகளை உறிஞ்சுவதால் சில நூறு கிலோமீட்டர் வட்டம்தான் நன்றாகக் கிடைக்கும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்து, கண்டம் தாண்டிய குரல்கள் வரத் தொடங்கும். அந்த மாற்றத்தை ஒரு மாலையாவது உட்கார்ந்து கேளுங்கள்.

பதில் வந்தால் சிக்னல் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். முதல் எண் புரியும் அளவு, ஒன்றிலிருந்து ஐந்து. இரண்டாவது சிக்னலின் வலிமை, ஒன்றிலிருந்து ஒன்பது. எல்லோருக்கும் '59' என்று அள்ளி வீசும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. எதிர்முனையில் இருப்பவர் தன் ஆன்டெனாவைச் சோதித்துக்கொண்டிருக்கலாம். '44' என்று உள்ளதைச் சொன்னால்தான் அவருக்கு உதவி.

இப்போது எழுத்துகளைப் புள்ளி, கோடு ஒலிகளாக அனுப்பும் மோர்ஸ் பழகிக்கொண்டிருக்கிறேன். 2003க்குப் பிறகு சர்வதேச விதிகளில் அது கட்டாயமில்லை. ஆனாலும் 5 வாட் சக்தியில் குரல் எட்டாத தூரத்துக்கு மோர்ஸ் எட்டுகிறது. கோக் முறையில் படிக்கிறேன்: இரண்டே எழுத்துகளை முழு வேகத்தில் கேட்டு, பத்துக்கு ஒன்பது சரியாக வந்த பிறகே மூன்றாவது எழுத்து. புள்ளி, கோடு என்று எண்ணிப் படிக்காமல் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு தாளமாகவே பிடித்துக்கொள்ள வேண்டும். மெதுவாக அனுப்புபவர்களோடு பேசும் அளவுக்கு வந்ததும் அந்த அனுபவத்தையும் எழுதுகிறேன்.